சோபிக்காத என்.பி.ஏ. வீரரை சீசன் நடுவில் மாற்றுவதா, வைத்திருப்பதா: கணக்கை எந்த வரிசையில் போடுவது?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் பெரிய சம்பளம் வாங்கும் ஒரு வீரர் டிசம்பரில் தடுமாறத் தொடங்கியவுடன், "இவரைக் கொடுத்தால் பதிலுக்கு யார் கிடைப்பார்?" என்பதே எல்லோர் வாயிலும் வரும் முதல் கேள்வி. இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்வி ஏழாவது படியில்தான் வருகிறது. நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஒவ்வொரு ஜனவரியிலும் ஏதேனும் ஓர் என்.பி.ஏ. அணியின் பொது மேலாளர் இடத்தில் எங்களை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறோம். புதிதாகச் சேர்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் விதிகளில் அல்ல, வரிசையில்தான். சரிவின் காரணம் தெரியாமல் விலை பேசினால், ஒன்று வீரரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறோம், அல்லது தீராத குறையைத் தீர்ப்பதாக எண்ணி எதிர்காலத்தை அடகு வைக்கிறோம்.

படிகள் நெடுகிலும் ஓர் உதாரணத்தைத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன்: லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை 2023 பிப்ரவரி 9 அன்று மாற்றியது. தேவையான இடங்களில் வேறு அணிகளும் வரும்.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

வீரரின் ஒப்பந்த விவரம், கடந்த 3 சீசன்களின் ஆட்டவாரிக் கணக்கு, அவர் சரியாக ஆடாத சில ஆட்டங்களின் முழுக் காணொளி, அணியின் மொத்தச் சம்பளப் பட்டியல், அடுத்த 7 ஆண்டுகளுக்கு அணியிடம் எஞ்சியிருக்கும் டிராஃப்ட் தேர்வுகள் (புதிய வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் ஆண்டு நிகழ்வே டிராஃப்ட்; மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னிடம்) ஆகியவை வேண்டும். காணொளியைத் துண்டுகளாகப் பார்க்காதீர்கள். தொகுத்தவர் எதை நிரூபிக்க நினைத்தாரோ அதுதான் துண்டுகளில் இருக்கும்.

இவற்றோடு நாட்காட்டியும் வேண்டும். கோடையில் ஒப்பந்தமான வீரர்களில் பெரும்பாலோரை டிசம்பர் 15 வரை மாற்ற முடியாது. சொந்த அணியிலேயே பெரிய சம்பள உயர்வோடு மீண்டும் கையெழுத்திட்ட சிலருக்கு அந்தத் தடை ஜனவரி 15 வரை நீளும். பரிமாற்றக் கெடு பிப்ரவரியின் முற்பகுதியில், அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது. இந்தியாவில் அப்போது மறுநாள் அதிகாலை 1:30 என்பதால், விழித்திருப்பவர்கள் காபியோடு உட்காருவது நல்லது. ஆகவே சந்தை உண்மையில் திறந்திருப்பது ஏறத்தாழ 7 வாரங்கள்தான். நவம்பரில் விலை பேச முயல்பவர்கள், சந்தையில் சரக்கு இல்லாத நாளில் கடைக்குப் போகிறவர்கள்.

2. அணி எங்கே நிற்கிறது என்பதை முதலில் எழுதிவிடுங்கள்

வீரரைப் பற்றி ஒரு வரி எழுதும் முன், அணி இந்த சீசனில் எதை அடைய முடியும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். பட்டத்துக்குப் போட்டியிடுகிறதா, பிளே-ஆஃப் (பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகள்) எல்லையில் தத்தளிக்கிறதா, அல்லது இளம் வீரர்களை வளர்க்கும் கட்டத்தில் இருக்கிறதா? அதே வீரருக்கு இம்மூன்று நிலைகளிலும் விடை மாறும். முதல் நிலையில் இந்த ஏப்ரல்தான் அளவுகோல். மூன்றாம் நிலையில் சரிந்த வீரரை அவசரமாக விற்க எந்தக் காரணமும் இல்லை, ஏனென்றால் தோல்வி அந்த அணியை அதிகம் பாதிக்காது.

லேக்கர்ஸ் அந்த சீசனை 2 வெற்றி, 10 தோல்வியோடு தொடங்கியது. பரிமாற்ற நாளின் இறுதியில் 25-31 என்று நின்றது. தரவரிசை அட்டவணையை மட்டும் பார்த்தவர் "கலைத்துவிடுங்கள்" என்றிருப்பார். ஆனால் 38 வயதான லெப்ரான் ஜேம்ஸும் ஆண்டனி டேவிஸும் அணியில் இருந்தார்கள். இருவரும் ஆடும்போது அணியின் தரம் வேறு, அட்டவணை காட்டிய தரம் வேறு. வெற்றி தோல்வி எண்ணிக்கையோடு நிறுத்தாமல், முக்கிய வீரர்கள் ஆரோக்கியமாக இருந்த ஆட்டங்களில் புள்ளி வித்தியாசம் என்ன என்பதைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

3. சரிவு உண்மையானதா என்று சோதியுங்கள்

தன் வாழ்நாள் முழுக்க 36 சதவீதம் மூன்று புள்ளி எறிதல்களை வளையத்துக்குள் போட்ட ஒருவர், இந்த சீசனில் 200 முயற்சிகளில் 31 சதவீதம்தான் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். எதிர்பார்த்தது 72, விழுந்தது 62. வித்தியாசம் பத்தே பந்துகள். 200 முயற்சிகளில் தற்செயலால் மட்டுமே ஏறத்தாழ 7 பந்து மேலும் கீழும் போவது வாடிக்கை. பத்து குறைவது அபூர்வமும் அல்ல. இத்தனை முறை எறிபவர்கள் லீகில் பலர் இருப்பதால், ஒவ்வோர் ஆண்டும் சிலருக்கு இப்படி நேர்ந்தே தீரும்.

இதற்கு ஓர் எளிய குறுக்குச் சோதனை உண்டு. தனி எறிதல் (ஃப்ரீ த்ரோ) சதவீதத்தைப் பாருங்கள். அங்கே தடுப்பவர் இல்லை, தூரம் மாறுவதில்லை. அது பழையபடி இருக்குமானால் கை கெடவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அடுத்து, அவர் எறியும் இடங்களும் தடுப்பவர் நிற்கும் தூரமும் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். எறிதலின் தரம் அப்படியே இருந்து முடிவு மட்டும் மோசமாயிருந்தால் பொறுத்திருப்பதே லாபம். முடிவு பழையபடி இருந்து எறிதலின் தரம் சரிந்திருந்தாலோ ஆபத்து இனிமேல்தான் வரப்போகிறது. அத்தகைய வீரரை விற்க அதுவே நல்ல நேரம்.

4. காரணத்தைப் பிரித்தெடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். முந்தைய சோதனையில் சரிவு மெய்யென்று தெரிந்தால், அதற்குக் காரணம் உடலா, பணியா, வயதா என்று பிரிக்க வேண்டும். மூன்றும் கலந்தே இருக்கும் என்றாலும் எது முதன்மை என்று துணிந்து எழுதுங்கள். அந்த ஒரு சொல்தான் பின்வரும் படிகளின் விலையைத் தீர்மானிக்கிறது.

உடலை எடுத்துக்கொள்வோம். முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் முதல் சீசன் பெரும்பாலும் முழு வீரரைக் காட்டுவதில்லை. ஸ்பென்சர் டின்விடி அப்படியொரு சிகிச்சைக்குப் பிறகு 2021 கோடையில் வாஷிங்டனுக்கு வந்து அங்கே பொருந்தாமல் போனார். 2022 பிப்ரவரி 10 அன்று அவரையும் டாவிஸ் பெர்ட்டான்ஸையும் வாங்கிய டாலஸ் அணி, பதிலுக்குக் கிரிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸைக் கொடுத்தது. மூன்று மாதங்களில், ஃபீனிக்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் டின்விடி 30 புள்ளிகள் எடுத்தார். டாலஸ் மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனது. போர்சிங்கிஸும் வீணாகவில்லை, 2024இல் பாஸ்டனோடு பட்டம் வென்றார். இரண்டு அணிகளும் தத்தம் "சோபிக்காதவரை" மாற்றிக்கொண்ட பரிமாற்றம் இது. அவர்கள் இருந்த இடமே அவர்களுக்குப் பாதிச் சுமையாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பணியை எடுத்துக்கொண்டால் ஆண்ட்ரூ விக்கின்ஸைவிட நல்ல பாடம் கிடைக்காது. 2014 டிராஃப்டில் முதலிடம் பெற்றவர் என்பதால் மினசோட்டாவில் அவர்மேல் ஒரு நட்சத்திரத்தின் பாரத்தை ஏற்றினார்கள். அவர் அந்தப் பாரத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 2020 பிப்ரவரி 6 அன்று கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனதும் ஸ்டெஃபன் கரியின் நிழலில் அவருக்குக் கிடைத்த வேலை வேறு: எதிரணியின் சிறந்த ஓரவீரரைத் தடு, திறந்த இடத்திலிருந்து எறி, பந்து விழாதபோது மீட்டெடு. 2022இல் லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் தொடக்க ஐவரில் இடம்பெற்று, அதே ஆண்டு பட்டமும் வென்றார். ஆளின் திறமை அதுவேதான், அவரிடம் கேட்கப்பட்ட வேலைதான் மாறியது.

வயதுச் சரிவை அடையாளம் காண, புள்ளி எண்ணிக்கையை விட்டுவிட்டு வளையத்தை ஒட்டிய முயற்சிகளையும், எதிராளியின் தவறால் கிடைக்கும் தனி எறிதல்களையும், தடுப்பாட்டத்தில் திரும்பி ஓடும் வேகத்தையும் பாருங்கள். கால்கள் தளரும்போது முதலில் குறைபவை இவை. புள்ளிகள் சில காலம் பழக்கத்தாலேயே வந்துகொண்டிருக்கும்.

வெஸ்ட்புரூக்கிடம் இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்தன. பரிமாற்றத்தின்போது அவருக்கு 34 வயது. அதோடு, பந்து கையில் இல்லாதபோது எதிரணி அவரைத் தடுக்காமல் விட்டுவிட்டு லெப்ரானையும் டேவிஸையும் நெருக்கியது. பந்தைக் கையில் வைத்தே ஆட வேண்டிய இருவரை ஒரே ஐவரில் நிறுத்தியதே மூலக் கோளாறு என்பது என் கருத்து. வயது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் பின்னர் கிளிப்பர்ஸ் அணியில் அவர் பயன்பட்டிருக்க மாட்டார்.

5. செலவில்லாத மாற்றத்தை முதலில் முயலுங்கள்

காரணம் பணி என்றால் பயிற்சியாளரிடம் போவதே அடுத்த படி. தொடக்க ஐவரிலிருந்து மாற்று வரிசைக்கு இறக்குவது, வேறு ஜோடியோடு ஆட வைப்பது, நிமிடங்களைக் குறைப்பது ஆகியவற்றுக்கு ஒரு தேர்வும் செலவாகாது. 15 முதல் 20 ஆட்டங்களாவது இடம் கொடுங்கள். அதற்குக் குறைந்தால் தற்செயலைத்தான் மீண்டும் அளக்கிறீர்கள்.

லேக்கர்ஸின் அப்போதைய பயிற்சியாளர் டார்வின் ஹாம் 2022 அக்டோபரிலேயே வெஸ்ட்புரூக்கை மாற்று வரிசைக்கு அனுப்பினார். அங்கே அவர் ஓரளவு தேறினார், ஆனால் நெருக்கடியான கடைசி நிமிடங்களில் யார் ஆடுவது என்ற கேள்வி தீரவில்லை. இந்தப் படியின் பயன் இரட்டிப்பானது: வீரர் தேறினால் பிரச்சினை தீர்கிறது, அரைகுறையாகத் தேறினாலும் வாங்குபவருக்குக் காட்ட ஒரு நல்ல மாதம் கையில் இருக்கிறது. பலரும் இதைத் தவிர்த்துவிட்டு வீரரை முற்றிலும் உட்கார வைக்கிறார்கள். "இவர் எங்களுக்கு வேண்டாம்" என்று மற்ற 29 அணிகளுக்கும் தண்டோரா போட்ட பிறகு நல்ல விலை எப்படிக் கிடைக்கும்?

6. ஒப்பந்தத்தையும் சம்பள விதிகளையும் சேர்த்துப் படியுங்கள்

முதலில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். இந்த ஆண்டோடு முடியும் பெரிய ஒப்பந்தம் சுமையல்ல, நாணயம். பரிமாற்றத்தில் சம்பளங்கள் ஏறத்தாழ ஈடாக வேண்டும் என்பதால், வெஸ்ட்புரூக்கின் 4.7 கோடி டாலர் ஒப்பந்தம் இல்லாமல் லேக்கர்ஸால் மூன்று பயனுள்ள வீரர்களை ஒரே நாளில் கொண்டுவந்திருக்க முடியாது. அதைக் கோடை வரை வைத்திருந்தால் காலாவதியாகி மறைந்திருக்கும். சம்பள உச்சவரம்புக்கு (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வகுக்கும் அளவு) மேலே இருக்கும் அணிக்கு அத்தனை தொகையும் செலவிடக் கிடைக்கும் இடமாக மாறாது. இதை மறப்பதே "முடியட்டும், காத்திருப்போம்" என்று சொல்பவர்களின் பெரிய பிழை.

அடுத்து, பரிமாற்ற மறுப்புரிமை இருக்கிறதா? லீகில் 8 ஆண்டும் அந்த அணியில் 4 ஆண்டும் ஆடியவர்தான் இதைக் கேட்டுப் பெற முடியும் என்பதால் அபூர்வம், ஆனால் இருந்தால் கதை முடிந்தது. பிராட்லி பீல் வாஷிங்டனில் பெற்ற இந்த உரிமையை 2023இல் ஃபீனிக்ஸுக்கும் கொண்டுவந்தார். 2024-25 சீசனில் ஃபீனிக்ஸ் சறுக்கியபோது, 5 கோடி டாலருக்கு மேல் சம்பளம் பெற்ற அவரை எங்கும் அனுப்ப முடியவில்லை. கடைசியில் 2025 கோடையில் ஒப்பந்தத்தைத் தீர்த்து விடுவித்து, மீதித் தொகையை 5 ஆண்டுகளுக்குப் பிரித்துச் சுமக்கிறது அந்த அணி.

பிறகு அணியின் மொத்தச் சம்பளம் எந்தக் கோட்டுக்கு மேல் இருக்கிறது என்று பாருங்கள். உச்சவரம்புக்கு மேலே, தாண்டினால் அணி வரி கட்ட வேண்டிய ஆடம்பர வரிக் கோடும், பரிமாற்றங்களை மேலும் இறுக்கும் இரண்டு ஏப்ரன் கோடுகளும் இருக்கின்றன. 2025-26க்கு உச்சவரம்பு சுமார் 15.46 கோடி டாலர், ஆடம்பர வரிக் கோடு 18.79 கோடி, முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. முதல் ஏப்ரனுக்கு மேலே இருக்கும் அணி, அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாகப் பெற முடியாது. இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இருந்தால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளத்துக்கு ஈடாக்கவும் முடியாது, பணத்தைச் சேர்த்துக் கொடுக்கவும் முடியாது. முதல் ஏப்ரனுக்குக் கீழே இருந்து அனுப்பியதைவிட அதிகச் சம்பளத்தைப் பெற்றுக்கொள்ளும் அணிக்கோ, அந்த ஆண்டு முழுக்க அந்தக் கோடே தாண்டமுடியாத சுவராகிவிடும். புதியவர்கள் இந்தச் சுவரை மறந்துவிட்டு, மார்ச்சில் இன்னொரு வீரரைச் சேர்க்கும் கனவில் இருப்பார்கள்.

ஆடம்பர வரி, வழக்கமான சீசனின் கடைசி நாளில் இருக்கும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. எனவே பிப்ரவரியில் கோட்டுக்குக் கீழே இறங்கினாலும் அந்த ஆண்டின் வரி முழுவதும் தவிர்ந்துவிடும். சில பரிமாற்றங்களுக்கு இதைத் தவிர வேறு காரணமே இருப்பதில்லை.

7. இப்போது விலை பேசுங்கள்

ஆறு படிகளுக்குப் பிறகே "யார் கிடைப்பார்?" என்று கேட்கும் தகுதி வருகிறது. பேசத் தொடங்கும் முன், எந்த விலைக்கு மேல் கொடுக்க மாட்டீர்கள் என்பதைத் தாளில் எழுதி மடித்து வையுங்கள். கெடு நாளின் கடைசி மணி நேரத்தில் எல்லா விலையும் நியாயமாகத் தெரியும்.

எடையில் பெரியவை முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகள். அடுத்தடுத்த இரண்டு எதிர்கால ஆண்டுகளில் முதல் சுற்றுத் தேர்வு இல்லாமல் போகும்படி எந்த அணியும் கொடுக்க முடியாது. 7 ஆண்டுகளுக்கு அப்பாலும் விற்க முடியாது. அதனால்தான் அப்போது லேக்கர்ஸிடம் 2027, 2029 என்ற இரண்டு தேர்வுகள் மட்டுமே விற்பனைக்கு இருந்தன. அதில் 2027ஐ மட்டும், முதல் நான்கு இடங்களுக்குள் விழுந்தால் தம்மிடமே இருக்கும் என்ற பாதுகாப்போடு, வெஸ்ட்புரூக்கோடு சேர்த்து யூட்டாவுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு டி'ஏஞ்சலோ ரஸ்ஸல், மலிக் பீஸ்லி, ஜாரெட் வாண்டர்பில்ட் ஆகிய மூவர் வந்தனர். கையில் மிஞ்சிய 2029 தேர்வுதான் இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில், டேவிஸோடு சேர்ந்து லூகா டான்சிச்சை வாங்க டாலஸுக்குப் போனது. பொறுமையின் விலையை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

பாதுகாப்பு நிபந்தனை சடங்கல்ல. விக்கின்ஸோடு மினசோட்டா 2021 முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்தது. முதல் மூன்று இடங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு வைத்திருந்ததால், ஏழாவதாக விழுந்த அந்தத் தேர்வில் கோல்டன் ஸ்டேட் ஜொனாதன் குமிங்காவை எடுத்துக்கொண்டது. சோபிக்காத வீரரை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவரோடு ஒரு தேர்வையும் இனிப்பாகச் சேர்க்கும்போது, "எங்கள் அணி இன்னும் மோசமானால் என்ன ஆகும்?" என்ற கேள்வியைக் கேளுங்கள். அந்த நிலையில்தான் தேர்வின் மதிப்பு கூடும்.

8. வருபவர் உங்கள் குறையைத் தீர்ப்பவரா என்று பாருங்கள்

போகிறவரைவிடப் பெரிய பெயரைத் தேடுவது வீண். நான்காம் படியில் எழுதிய காரணத்துக்கு நேர் எதிரான குணம் உள்ளவரைத் தேடுங்கள். லேக்கர்ஸுக்குத் தூரத்திலிருந்து எறிபவரும் தடுப்பாட்டக்காரரும் தேவைப்பட்டார்கள். மூவரில் எவரும் பெரிய நட்சத்திரம் இல்லை. அதற்கு இரு வாரங்களுக்கு முன்பே, கெண்ட்ரிக் நன்னையும் மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து ரூயி ஹாச்சிமுராவையும் சேர்த்திருந்தார்கள். பரிமாற்ற நாளுக்குப் பின் அணி 18 வென்று 8 தோற்றது. 43-39 என்று முடித்து, பிளே-இன் (பிளே-ஆஃபுக்கான தகுதி ஆட்டம்) வழியாக நுழைந்து, மேற்குப் பிரிவு இறுதிவரை போய் டென்வரிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது.

வருபவருடைய ஒப்பந்தத்தின் எதிர்காலத்தையும் சேர்த்தே எடைபோடுங்கள். டி'ஏஞ்சலோவின் ஒப்பந்தமும் அந்தக் கோடையில் முடிந்தது, ஆனால் சொந்த வீரரை உச்சவரம்பைத் தாண்டியும் மீண்டும் ஒப்பந்தம் செய்யும் உரிமை அவரோடு சேர்ந்து வந்துவிட்டது. அப்படிப் போட்ட புதிய ஒப்பந்தத்தை வைத்து 2024 டிசம்பரில் புரூக்ளினிடமிருந்து டோரியன் ஃபின்னி-ஸ்மித்தை வாங்கினார்கள். சுமையாகப் பேசப்பட்ட ஒரு சம்பளம் இரண்டு கைகள் மாறித் தடுப்பாட்டக்காரராகத் திரும்பி வந்தது.

இருக்கைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். முழு ஒப்பந்த இடங்கள் 15. ஒருவரைக் கொடுத்து மூவரை வாங்கினால் வேறு இருவருக்கு இடம் பார்க்க வேண்டும். விடுவிக்கப்படுபவரின் சம்பளம் கணக்கை விட்டுப் போகாது.

9. சும்மா இருப்பதன் விலையையும் அதே தாளில் எழுதுங்கள்

கோடையில் வாங்கும் அணிகள் அதிகம், டிராஃப்ட் முடிந்ததும் இன்னொரு ஆண்டின் தேர்வையும் விற்கலாம், வீரரும் ஆரோக்கியமாகத் திரும்பக்கூடும். காரணம் உடல் என்று எழுதியிருந்தால் நான் பெரும்பாலும் காத்திருக்கவே சொல்வேன். காரணம் பணி என்றால், இன்னும் இரண்டு மாதம் அதே பணியில் வைத்திருப்பது விலையை மேலும் குறைக்கும். காரணம் வயது என்றால் ஒவ்வொரு வாரமும் நஷ்டம்தான், ஆனால் வாங்குபவருக்கும் கண் இருக்கிறது என்பதால் பெரிய விலையை எதிர்பார்க்காதீர்கள்.

கெடு முடிந்த பிறகும் ஒரு வாசல் உண்டு: மார்ச் 1க்குள் விடுவிக்கப்படுபவர் வேறு அணிக்காகப் பிளே-ஆஃப் ஆடலாம். யூட்டா வெஸ்ட்புரூக்கை அப்படித்தான் விடுவித்தது. ஆனால் விடுவிக்கும் அணிக்குப் பதிலாக எதுவும் கிடைப்பதில்லை, எனவே இதைத் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

10. மருத்துவப் பரிசோதனை முடியும்வரை கணக்கை மூடாதீர்கள்

தொலைபேசியில் ஒப்புக்கொண்டது முடிவாகாது. இரு தரப்பு வீரர்களும் உடல் தகுதிப் பரிசோதனையில் தேற வேண்டும், அது பெரும்பாலும் கெடு முடிந்த பின்னரே நடக்கும். 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ், டால்டன் நெக்ட், கேம் ரெடிஷ், 2031 முதல் சுற்றுத் தேர்வு, 2030க்கான தேர்வு மாற்றுரிமை (இரு அணிகளின் தேர்வுகளை இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை) ஆகியவற்றைக் கொடுத்து ஷார்லட்டிலிருந்து மார்க் வில்லியம்ஸை வாங்க ஒப்புக்கொண்டது. பரிசோதனைக்குப் பிறகு, பிப்ரவரி 8 அன்று, பரிமாற்றத்தை ரத்துசெய்தது. கெடு தாண்டிவிட்டதால் அந்த இடத்துக்கு வேறு ஒருவரைப் பரிமாற்றத்தில் தேட வழியில்லை.

எனவே பேசும்போதே இரண்டாவது தேர்வாக ஓர் அணியை வைத்திருங்கள், மருத்துவக் கோப்பை முன்கூட்டியே கேளுங்கள், கெடுவுக்கு ஓரிரு நாள் முன்பே முடிக்கப் பாருங்கள். அனுப்பிவிட்டதாக எண்ணிய வீரரைப் பற்றிச் செய்தியாளர்களிடம் கடிந்து பேசவும் வேண்டாம். நெக்ட் மீண்டும் லேக்கர்ஸ் உடைமாற்றும் அறைக்கே திரும்பி வந்து, மீதமுள்ள சீசனை அங்கேயே ஆடினார்.